இறங்காத நரம்பு

பாப்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நான்கு பக்கம். முதல் இரண்டு பக்கத்தையும் அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். விமானச் சீட்டு கிடைத்துவிட்டது, மெட்ராஸில் விடுதி அறை கிடைத்துவிட்டது, இதயநோய்ப் பிரிவில் மூன்று வருஷப் படிப்பு. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போட எழுந்து போனாள். மூன்றாம் பக்கத்தை நான் தனியாக வாசித்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். நேற்று மாலை வரை அது அங்கேதான் இருந்தது.

அந்தப் பக்கத்தில் நீ எழுதியிருந்தது இது. கொழும்பில் நீ வேலை செய்யும் வார்ட்டில், சக்கரம் வைத்த ஸ்கேன் மெஷினைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்தார்கள். மூச்சு முட்டிக் கிடந்த ஒரு முதியவரின் விலா எலும்புக்குக் கீழே நீ அதன் கருவியை வைத்து அழுத்தினாய். வயிற்றிலிருந்து இதயத்துக்கு ஏறும் பெருநாளம் திரையில் கறுப்பாகத் தெரிந்தது. மூச்சை இழுக்கும்போது அது சுருங்கவேண்டும். சுருங்கவில்லை. நிரம்பி, விறைத்து நின்றது. இதயத்துக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது, உடம்பில் தண்ணீர் கூடியிருக்கிறது, இனி ஒரு துளி சேலைன் ஏற்றக்கூடாது என்று உங்கள் பெரிய டொக்டர் சொன்னார். அப்போது நீ எல்லோர் முன்னாலும் சொன்னாய்: "இத எங்க அப்பா மெஷின் இல்லாமலே பாத்தாரு சேர். தோட்டத்து டிஸ்பென்சர் அவரு. அம்மாவோட கழுத்து நரம்பப் பாத்து, ஏறிக்கிட்டிருந்த சேலைன நிப்பாட்டுனாரு. அதனாலதான் எங்க அம்மா உசுரோட இருக்காங்க." பெரிய டொக்டர் அதை மாணவர்களுக்கு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மெட்ராஸுக்கு அனுப்பிய விண்ணப்பத்திலும் நீ அதையே எழுதியிருக்கிறாய். இந்தத் துறைக்கு வந்ததே அதனால்தான் என்று.

அந்தக் கதையில் ஓர் ஆளை மாற்றி வைத்தவன் நான். நீ கடல் தாண்டிப் போகுமுன் அதைத் திருத்தவேண்டும். உனக்கு இப்போது இருபத்தாறு வயது. அன்று உனக்குப் பத்து.

உன் அம்மாவின் கழுத்திலிருந்து தொடங்குகிறேன். அவள் பதினான்கு வயதில் தோட்டத் தொழிலாளியாகப் பேர் பதிந்தவள். எங்கள் திருமணம் வரை தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்தாள். கூடைக் கயிறு தலைக்கு மேலே போகிறது; பாரம் முழுவதையும் கழுத்துத்தான் தாங்குகிறது. ஏற்றத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறும்போது கழுத்தின் இரண்டு பக்கமும் நரம்பு எழுந்து நிற்கும். நான் பிறந்த லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான். என் அம்மாவுக்கும் அப்படித்தான். எனக்கு அது கழுத்தின் இயல்பு; நெற்றிக்கு மேலே மயிர் தேய்ந்திருப்பது போல. நான் படித்து, தோட்டத்துக்கு மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராகி, லயத்திலிருந்து குவாட்டர்ஸுக்கு ஏறியவன். உன் அம்மாவைக் கட்டிக்கொண்டபோது உத்தியோகத்தர்களின் ஸ்டாப் வீடுகளில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பது எவ்வளவு சத்தம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஒரு நத்தார் நாள், ஏசு பிறப்புப் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறோம். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரின் மனைவி பக்கத்திலிருந்தவளிடம் மெதுவாகத்தான் சொன்னாள். "சீல என்ன சீல கட்டுனாலும் கழுத்து காட்டிக் குடுத்துரும். கூட தூக்குன கழுத்து." அம்மாவுக்குக் கேட்டதா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. எனக்குக் கேட்டது. அடுத்த வாரம் நுவரெலியா சந்தையில் ஒரு கம்பளிச் சால்வை வாங்கினேன். அரக்கு நிறம். வீட்டுக்கு வந்து அவள் கழுத்தில் நானே சுற்றிவிட்டேன். "குளிருக்கு நல்லது. கழட்டாத" என்றேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். கல்யாணமாகி அதுவரை நான் அவளுக்காகத் தேடி வாங்கிய பொருள் அது ஒன்றுதான். அவள் கழற்றவில்லை. கோயிலுக்கு, கடைக்கு, பிறகு அடுப்படிக்கு, பிறகு படுக்கைக்கும். ஒரு மருந்துக்காரன் தன் மனைவியின் கழுத்தை மூடி வைத்த கதை இது. மூடினால் மட்டும் போதாது, கழட்டாதே என்றும் சொன்னேன்.

அதன் பிறகு ஒன்றரை வருஷம். குவாட்டர்ஸுக்கு ஏறும் படிக்கட்டில் பாதியில் நின்றுவிடுவாள். கேட்டால், "சும்மா, மலையப் பாக்குறேன்" என்பாள். ஒரு தலையணை இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று. காலில் செருப்பு வார் பதிந்து கிடந்தது. நான் இரத்தச் சோகை என்று இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தேன். பூச்சி மருந்து கொடுத்தேன். மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடான காலம், தோட்டம் முழுக்கப் பெண்கள் வெளுத்துத்தான் இருந்தார்கள். நாளுக்கு நாற்பது பேர், நான் மருந்து கொடுக்கும் மருந்துக்காம்பரா வாசலில் நின்றார்கள். நாற்பத்தோராவது ஆள் என் வீட்டுக்குள் இருந்தாள். அவள் வரிசையில் வந்து நிற்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பெரிய மழை விட்ட வாரம், கீழ் லயங்களில் வயிற்றோட்டம் பரவியது. குடிக்கப் பிடிக்கும் பீலித் தண்ணீர் கலங்கி வந்தது. ஐந்து நாளில் எத்தனை பேருக்கு சேலைன் ஏற்றினேன் என்று எனக்கே நினைவில்லை. கண் குழிந்து, நாக்கு வறண்டு, தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு போத்தல் ஏறியதும் கண் திறக்கும். இரண்டாவது போத்தலில் பேசுவார்கள். லயத்துச் சனத்துக்கு ஊசியைவிட, மாத்திரையைவிட, அந்தக் கண்ணாடிப் போத்தலில்தான் நம்பிக்கை. "ஒரு தண்ணி ஏத்துங்க டொக்டரய்யா, எல்லாம் சரியாப் போகும்" என்பார்கள். அந்த ஐந்து நாளில் எனக்கும் அதே நம்பிக்கை வந்துவிட்டது. அதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது. கேட்டவர்களின் நம்பிக்கை கொடுத்தவனுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆறாம் நாள் காலை உன் அம்மா அடுப்படியில் சரிந்து உட்கார்ந்தாள். இரண்டு தடவை வயிற்றாலே போயிருந்தது, ஒரு தடவை வாந்தி. அவ்வளவுதான். அதைக் கணக்கில் எடுத்திருக்கவேண்டும். கை சில்லிட்டிருந்தது. நாடி வேகமாக, மெல்லியதாக, தாறுமாறாக ஓடியது. தாறுமாறு என்பதை என் விரல் கண்டது, மனம் எடுத்துக்கொள்ளவில்லை. இரத்த அழுத்தம் குறைவு. வயிற்றோட்டம், குளிர்ந்த கை, குறைந்த அழுத்தம். எனக்கு எல்லாம் பொருந்திவிட்டது. நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். கலண்டர் மாட்டியிருந்த ஆணியில் போத்தலைத் தொங்கவிட்டேன். முதலாவது முடிந்தது. அவள் தேறவில்லை. இரண்டாவதை மாட்டினேன். அவள் இருமத் தொடங்கினாள். நாடி இன்னும் மெலிந்தது. அப்போது நான் செய்தது இது, பாப்பா: போத்தலின் திருகை நன்றாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் போதவில்லை என்று நினைத்தேன். அவள் எழுந்து உட்காரப் பார்த்தாள். தோளைப் பிடித்துத் தள்ளிப் படுக்கவைத்தேன். "படு. படுத்தாத்தான் நல்லது" என்றேன். அவள் ஒரு கையால் சால்வையை இழுத்தாள். குளிர்கிறது என்று நினைத்து அதை இன்னும் இறுக்கிச் சுற்றினேன்.

அந்த நேரம்தான் சவரியம்மா வந்தாள். உன் பெரியம்மா. அம்மாவுக்கு நான்கு வயது மூத்தவள், அன்றும் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவள். கொழுந்து நிறுக்கும் பகல் நிறுவையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், டொக்டரம்மாவுக்குச் சுகமில்லையாம் என்று. நிறுத்த இடத்திலேயே கூடையை வைத்துவிட்டு ஏறி வந்திருக்கிறாள். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியபடி, காலெல்லாம் சேறு. அவள் என்னை வெளியில் டொக்டரய்யா என்பாள், வீட்டுக்குள் மாப்ள என்பாள். அன்று வாசலிலேயே மாப்ள என்றாள்.

"என்ன மாப்ள, பச்சப் புள்ளையச் சுத்துற மாதிரி சுத்தி வச்சிருக்கீங்க? மூச்சு முட்டாம என்னா செய்யும்?"

"குளிருது அவளுக்கு."

"குளிருதா? வேர்த்துக் கெடக்கா. ஏ தெரேசு, எந்திரி. எந்திரிச்சு ஒக்காரு." நான் தடுப்பதற்குள் தங்கையை அள்ளி நிமிர்த்தித் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். சால்வையைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக் கீழே போட்டாள். பிறகு குனிந்து பார்த்தாள். ஒரு விநாடிதான். "இதென்னா மாப்ள, இவ கழுத்து இப்புடி நிக்குது?"

நான் பார்த்தேன். வலது பக்கம், தோள் எலும்பிலிருந்து காதுமடல் வரை, என் சுண்டு விரல் தடிப்பில். உட்கார்ந்த பின்னும் அப்படியே நின்றது. பார்த்துவிட்டு நான் சொன்ன பதில், என் படிப்பு முழுவதையும் வைத்துக்கொண்டு சொன்ன பதில்: "அது கூட தூக்குன கழுத்து அக்கா. ஒங்களுக்குந்தான் இருக்கு."

அவள் தான் போர்த்தியிருந்த கம்பளியை ஒரு பக்கம் இழுத்துக் காட்டினாள். "எங்க இருக்கு? பாருங்க. நல்லாப் பாருங்க. இப்பத்தான் பாரத்தோட ஏறி நின்னு எறக்கி வச்சிட்டு வாறேன். கூடைய எறக்குனா நரம்பும் எறங்கிரும் மாப்ள. எங்களுக்குத் தெரியாதா? இவ கூடைய எறக்கி பதினோரு வருசம். இன்னும் என்னத்தச் சொமக்குறா இவ?"

அவள் கழுத்து வெறுமையாக இருந்தது. தசை இருந்தது, கயிற்றுக்குப் பழகிய தசை. நரம்பு இல்லை.

நான் நின்றேன். கை போத்தலுக்குப் போகவில்லை. அவளே சொன்னாள். "அந்தத் தண்ணி ஏற ஏறத்தான் இருமுறா. பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே, மூடுங்க அத." அப்போதும் நான் வாய்க்குள் ஏதோ முனகினேன், அழுத்தம் குறைவாயிருக்கு, நிப்பாட்டுனா, என்று. அவள் கையை நீட்டி ரப்பர்க் குழாயை இரண்டாக மடித்து, கொழுந்து கிள்ளுகிற இரண்டு விரலுக்கிடையில் நசுக்கிப் பிடித்தாள். சொட்டு நின்றது. சொட்டு நின்ற பிறகுதான் என் தலைக்குள் ஏதோ திறந்தது. பயிற்சிக் காலத்தில் குறிப்பெடுத்த பக்கம். கழுத்து நாளம் உயர்ந்திருந்தால், நுரையீரலில் ஈரம் கேட்டால், சேலைன் ஆகாது. எழுதியிருந்தேன். சோதனையில் கேட்டார்கள், மதிப்பெண்ணும் வாங்கினேன். ஸ்டெதஸ்கோப்பை அவள் முதுகில் வைத்தேன். அடியிலிருந்து பாதி வரை, சோறு கொதிக்கிற சத்தம்.

பிறகு வேகமாகத்தான் நடந்தது. ஊசியைப் பிடுங்கினேன். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டோம். சிறுநீர் போக்கும் ஊசி என்னிடம் இரண்டுதான் இருந்தது, இரண்டையும் போட்டேன். தோட்டத்தை நடத்தும் தொரையின் பங்களாவுக்கு ஆள் அனுப்பி கொழுந்து லொறியைக் கேட்டேன். லொறிக்காரர் சிங்களவர், ஒரு வார்த்தை கேட்காமல் கொழுந்துச் சாக்குகளை ரோட்டிலேயே இறக்கிப்போட்டார். நுவரெலியா வரை உன் பெரியம்மா லொறித் தளத்தில் உட்கார்ந்து, அம்மாவைத் தன் நெஞ்சில் முதுகு சாயவைத்து, சரியவிடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். அத்தனை வளைவுக்கும். அவள் கால் மரத்துப்போய், இறங்கும்போது விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர், என்னைவிடச் சின்னவர். கட்டிலின் தலைமாட்டைச் சாய்வாக உயர்த்தினார். பக்கத்திலிருந்து டோர்ச் அடித்தார். சட்டைப் பையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அடிமட்டத்தை எடுத்து, நெஞ்செலும்பின் மேட்டில் நிறுத்தி, நாளம் எந்த உயரம் வரை நிரம்பித் துடிக்கிறதென்று அளந்தார். எனக்கும் காட்டினார். கழுத்து நாளத்துக்கும் இதயத்தின் வலது அறைக்கும் நடுவில் கதவு கிடையாது, அங்கே அழுத்தம் ஏறினால் இங்கே மட்டம் ஏறும், தண்ணீர்த் தாங்கியின் கண்ணாடிக் குழாய் போல என்றார். நீ திரையில் பார்த்ததும் அதே அறைக்குக் கீழிருந்து வருகிற குழாய்தான். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எத்தனை போத்தல் ஏத்தினீங்கள்?"

"ஒன்னே முக்கால் சேர்."

"ரெண்டும் முழுசா ஏறியிருந்தா இவ இங்க வந்து சேர்ந்திருக்கமாட்டா. கழுத்தைப் பாத்து நிப்பாட்டினது ஆர்? நீங்களோ?"

"ஆமா" என்றேன்.

ஒரு சொல். சவரியம்மா கதவருகே நின்றாள். படங்கை அவிழ்த்துக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். அவளுக்குக் கேட்டது. என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் காலுக்குப் போர்வையை இழுத்துவிடப் போனாள்.

டொக்டர் என் தோளில் தட்டினார். "நல்ல கண் உங்களுக்கு. இத எங்கட ஆக்களே பாக்கிறதில்ல." அன்று மாலையே நம் தொரைக்கு ஒரு கடிதமும் கொடுத்துவிட்டார், உங்கள் டிஸ்பென்சரால்தான் நோயாளி தப்பினார் என்று. தொரை அதைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வாசித்தார். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு மலையிலும் சொன்னார். உனக்குப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நீ ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாய். அப்போது சொல்லியிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருந்தால் அது ஒரு நாளில் முடிந்திருக்கும்.

அம்மாவின் வால்வு ஒட்டிக்கிடந்தது. சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டதாம், லயத்தில் பத்துப் போட்டு விட்டிருக்கிறார்கள். கொழும்பில் ஒரு சத்திரசிகிச்சை டொக்டர் இதயத்துக்குள் விரலை விட்டு அந்த வாயிலைத் திறந்தார். மூன்று மாதம் நானும் அவளும் கொழும்பில். நீ பெரியம்மா வீட்டில், லயத்துக் காம்பராவில், அவள் பிள்ளைகளோடு ஒரே பாயில். உன்னை லயத்தில் விடவேண்டுமா என்று அப்போதும் நான் தயங்கினேன். அதையும் எழுதிவிடுகிறேன். நீ திரும்பி வந்தபோது நன்றாகக் கொழுத்திருந்தாய், தலையில் பேன் பிடித்திருந்தது, அவளைப் போலவே கையைத் தட்டிச் சிரிக்கப் பழகியிருந்தாய். இன்றும் நீ அப்படித்தான் சிரிக்கிறாய்.

அதற்குப் பிறகு நான் கழுத்துகளைப் பார்த்தேன். அது மட்டும் உண்மை. மருந்துக்காம்பராவுக்கு யார் வந்தாலும் கம்பளியைக் கழற்றச் சொன்னேன், பெண்களென்றால் மருத்துவச்சியம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. மலையிலிருந்து நேரே வருகிறவர்களை ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம் உட்காரவைத்த பிறகுதான் பார்ப்பேன். கூடை இறங்கிய பின்னும் நரம்பு இறங்கவில்லையென்றால் அன்றே சீட்டு எழுதி நுவரெலியாவுக்கு. "கழுத்து டொக்டரய்யா" என்று பெயர் வைத்தார்கள். "தாலி இருக்கான்னு பாக்குறாரு டோய்" என்று பெண்கள் வரிசையில் நின்று சிரிப்பார்கள். சில பேரை நேரத்தோடு அனுப்ப முடிந்தது. அவர்களும் எனக்குத்தான் நன்றி சொன்னார்கள். உன் பெரியம்மாவும் அதே வரிசையில் இருமலுக்கு மருந்து வாங்க நிற்பாள். கம்பளியைத் தானே கழற்றிக் கழுத்தைக் காட்டி, "பாத்துக்குங்க டொக்டரய்யா" என்பாள். கிண்டலா, மன்னிப்பா, எனக்குத் தெரியவில்லை. மருந்தைக் கொடுத்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தத்தில் அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தபோது உனக்குப் பதினாறு. நானுஓயா ஸ்டேஷன் உனக்கு நினைவிருக்கும். தகரப் பெட்டிகள், சாக்கு மூட்டைகள், பிளாட்பாரம் முழுக்க அழுகை. நீ அவள் சேலையை விடவேயில்லை. என்னிடம் இருபது நிமிஷம் இருந்தது. கப்பலில் வாந்தி வந்தால் போடச் சொல்லி ஒரு பொட்டலம் மாத்திரை கொடுத்தேன். எப்போது போடவேண்டும், எத்தனை போடவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு சிரித்தாள். "மாப்ள, இனிமே நீங்களே கொழாய மூடிக்கிறணும். நான் அக்கரையிலருந்து வந்துக்கிட்டு இருக்கமாட்டேன்." ரயில் நகர்ந்தது. பத்து வருஷம் ஆகிறது.

நேற்று மாலை மூன்றாம் பக்கத்தைப் பையிலிருந்து எடுத்து உன் அம்மாவிடம் வாசித்தேன். பிறகு இதையெல்லாம் சொன்னேன், சால்வையையும் சேர்த்து. அவள் பயற்றங்காய் ஒடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள்.

"எது தெரியும்?"

"எல்லாந்தான். கொழாய மடிச்சுப் புடிச்சது அக்கா கைதானே. நான் சாகலயே, கண்ணு தெறந்துதானே இருந்துச்சு. ஆஸ்பத்திரியில நீங்க ஆமான்னு சொன்னதும் கேட்டுச்சு."

"பதினாறு வருசமா ஒன்னும் கேக்கலயே நீ?"

"அக்காதான் கேக்காதன்னுச்சு. 'டொக்டரய்யா தப்புப் பண்ணிட்டாருன்னு மலையில பேச்சு வந்துச்சுன்னா, நாளைக்கு ஒரு புள்ளைக்குக் காச்சல்னா எவளும் அங்க தூக்கிட்டுப் போகமாட்டா. பூசாரிகிட்டதான் போவாளுங்க. அவரு பேரு அவருக்கே இருக்கட்டும், நீ வாயத் தொறக்காத'ன்னுச்சு. நான் தொறக்கல. நீங்களா தொறப்பீங்கன்னு பாத்தேன்." ஒரு பிடி பயற்றங்காயைச் சட்டியில் போட்டாள். "சால்வ கதை மட்டும் தெரியாது. குளிருக்குன்னுதான் நெனச்சேன்." மிச்சமிருந்த காயை ஒவ்வொன்றாக ஒடித்து முடித்தாள். நான் எழுந்து போகவில்லை.

ஆக, பாப்பா, நான் வைத்திருந்த பெயரை நான் திருடியதாக இத்தனை வருஷம் நினைத்தேன். அதை உன் பெரியம்மா எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறாள், தோட்டத்துப் பிள்ளைகளுக்காக. எனக்கு வந்த ஒவ்வொரு நன்றிக்கும் பின்னால் அவள் நின்றிருக்கிறாள், கதவருகே, படங்கைச் சுருட்டிக்கொண்டு. என் மனைவி எனக்குத் திரும்பக் கிடைத்தாள். உனக்குத் தாய். எனக்கு ஒரு கண். மூன்றும் ஒரே கையிலிருந்து. நன்றி என்ற சொல்லை நான் நோயாளிகளிடமிருந்து வாங்கித்தான் பழகியிருக்கிறேன், கொடுத்துப் பழகவில்லை. இப்போது எழுதிப் பார்க்கிறேன். கை கூசுகிறது. ஆனாலும் நிறைவாக இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இப்போது தகுதி இருக்கிறதா தெரியவில்லை. தவறியவன் தவறிய இடத்தைக் காட்டலாம். உன் மெஷின் நல்லது. நான் கண்ணால் ஊகித்ததை அது அளந்து சொல்லும், தடித்த கழுத்தையும் வயிற்றையும் தாண்டிப் பார்க்கும். அது அன்று என்னிடம் இருந்திருந்தாலும் நான் அதை அவள்மேல் வைத்துப் பார்த்திருக்கமாட்டேன், ஏனென்றால் எனக்கு விடை முன்பே தெரிந்திருந்தது. அந்த நிலையைப் பயந்துகொள். நாளம் விறைத்து நின்றால் தண்ணீர் கூடாதென்று உடனே முடிவெடுக்காமல், இவள் என்ன பாரம் சுமக்கிறாள் என்றும் கேள். சுருங்கி வற்றிக் கிடந்தாலும் கேள். கட்டிலருகே நிற்கும் அக்காவையோ, புருஷனையோ, கூட்டிக்கொண்டு வந்த அயல்வீட்டுக்காரியையோ வெளியே போகச் சொல்லுமுன் ஒரு கேள்வி கேள். அவர்கள் அந்த உடம்பைப் பாரம் தூக்கும்போதும் பார்த்திருக்கிறார்கள், இறக்கி வைத்தபோதும் பார்த்திருக்கிறார்கள். நாம் படுத்திருக்கும்போது மட்டுமே பார்க்கிறோம்.

மெட்ராஸில் அந்தக் கதையைக் கேட்பார்கள். திருத்திச் சொல். விண்ணப்பத்தில் எழுதியதையும் திருத்து. தோட்டத்தில் கொழுந்தெடுத்த ஒரு பெண் பார்த்தாள், டிஸ்பென்சர் பார்க்கவில்லை என்று சொல். அதனால் உன் இடம் போய்விடாது. போனாலும் சொல்.

பெரியம்மா கோத்தகிரிப் பக்கம் அரசாங்கத் தோட்டத்தில் இருக்கிறாள். இன்னும் கொழுந்துதான் எடுக்கிறாளாம். வருஷத்துக்கு ஒரு கடிதம் வரும், பக்கத்து வீட்டுப் பெண் எழுதிக் கொடுப்பது. விலாசம் இந்த உறைக்குள் தனித்தாளில் இருக்கிறது. முதல் லீவுக்குப் போ. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, ஆகையால் இந்தக் கடிதத்தை நீதான் அவளுக்கு வாசித்துக் காட்டவேண்டும். முதலிலிருந்து, ஒரு வரி விடாமல். யாழ்ப்பாணத்து டொக்டர் கேட்கிற இடம் வரும். நான் பதில் சொன்ன இடத்தை, என்மேல் உள்ள பாசத்தில், வேகமாக வாசித்துத் தாண்டிவிடாதே. அங்கே நிறுத்து. தாளைத் தாழ்த்திவிட்டு அவள் முகத்தைப் பார். அவள் என்ன சொன்னாளென்று எனக்கு எழுது. ஒன்றும் சொல்லாவிட்டால், ஒன்றும் சொல்லவில்லை என்று எழுது.

அப்பா